பாடத்தோடு அதன் சான்றுகளையும் தாருங்கள்: இடைக்காலத் தருக்க நூல்களின் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இடைக்கால ஐரோப்பாவின் தத்துவம், தருக்கம், குறியியல் (குறிகள் பொருள் தரும் முறை பற்றிய ஆய்வு) ஆகியவை பற்றிய லத்தீன் மூலநூல்களை வெளியிடும் பதிப்பகங்களின் பொறுப்பாளர்களுக்கும், தொடர் ஆசிரியர் குழுவினருக்கும்,

வணக்கம்.

நீங்கள் வெளியிடும் நூல்களை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் படித்துவரும் வாசகர்களுள் நானும் ஒருவன். இடைக்காலத் தருக்க ஆசிரியர்களான ஓக்காமின் வில்லியமும், ஜான் புரிடானும், ஸ்பெயினின் பீட்டரும் எனக்கு அறிமுகமானது உங்கள் உழைப்பால்தான். அந்த நன்றியை முதலில் சொல்லிவிட்டு, நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். ஒரு நூலின் செம்பதிப்பை, அதாவது கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டு நிறுவிய பதிப்பை, வெளியிடும்போது, அச்சில் வரும் பாடத்தோடு (நூலின் மூல வாசகத்தோடு) நிறுத்திக்கொள்ளாமல், அந்தப் பாடத்தை நிறுவப் பயன்பட்ட சான்றுகளையும் எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி வைத்துவிட வேண்டும் என்பதே அது. சான்றுகள் என்று நான் சொல்வது, ஒவ்வொரு கையெழுத்துப் படியையும் பார்த்து அதே மொழியில் முழுமையாகப் பெயர்த்தெழுதிய கோப்புகள், அவற்றை ஒப்புநோக்கிய பதிவு, எந்த இடத்தில் எதை ஏன் ஏற்றோம் என்று பதிப்பாசிரியர் தமக்காக எழுதிவைத்த குறிப்புகள் ஆகியவற்றை. இவை ஏற்கெனவே உருவாகிவிட்டவை. பதிப்பு வெளிவந்த மறுநாள் இவை பதிப்பாசிரியரின் கணினியில் உறங்கப் போகின்றன, அவர் ஓய்வுபெற்றபின் பெரும்பாலும் காணாமலும் போகின்றன.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயமாக எனக்குத் தோன்றுகிறது என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், பதினான்காம் நூற்றாண்டுத் தருக்க நூல் ஒன்றின் செம்பதிப்பில், ஒரு சொல் வாக்கியத்தில் எதற்காக நிற்கிறது என்று ஆராயும் இயலைப் படித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் ஓர் எதிர்வாதத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு விடை சொல்லி, முடிவுக்கு வருகிறார். அந்த முடிவோ, அவரே இரண்டு பக்கங்களுக்கு முன்னால் நிறுவியதற்கு நேர் எதிராக இருந்தது. எனக்குத்தான் புரியவில்லை என்று எண்ணி இரண்டு வாரம் அந்தப் பக்கங்களையே சுற்றிச் சுற்றி வந்தேன். படிக்குப் படி சொற்கள் மாறும் இடங்களைக் காட்டும், பக்கத்தின் கீழே உள்ள பாடபேதக் குறிப்பில் அந்த இடத்துக்கு ஒன்றுமே இல்லை, எல்லாப் படிகளும் ஒத்துப்போகின்றன என்றுதான் அதற்குப் பொருள். கடைசியில், அந்தப் பதிப்புக்கு அடிப்படையான படிகளுள் ஒன்றை அதை வைத்திருக்கும் நூலகம் படமாக்கி இணையத்தில் ஏற்றியிருப்பதைக் கண்டுபிடித்து, அந்தத் தாளைத் தேடி எடுத்தேன்.

இரண்டு பத்திகளாக நெருக்கி எழுதிய தோல் தாள். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனபோது, 'எஸ்ட்' ('ஆகும்') என்ற வினைச்சொல்லுக்கு முன்னால் ஒரு சிறு 'என்' எழுத்து ஒண்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அதன் தலைக்குமேல் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு இருந்தது. மை பழுப்பேறி, தோலின் நிறத்தோடு ஏறக்குறைய கலந்துவிட்டிருந்தது. அந்த எழுத்தும் கோடும் சேர்ந்தால் 'நோன்', அதாவது 'அன்று' என்னும் எதிர்மறை. அதை வைத்துப் படித்தால் வாதம் அப்படியே நேராகிவிடுகிறது. பின்னர் மற்ற படிகளின் படங்களையும் வரவழைத்துப் பார்த்ததில், இன்னும் இரண்டில் அந்த எதிர்மறை தெளிவாகவே இருந்தது.

நூலை வெளியிட்ட பதிப்பகத்துக்கு எழுதினேன். மறுபதிப்பு வரும்போது கவனத்தில் கொள்ளப்படும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சில நூறு படிகள் விற்றாலே பெரிது என்று இருக்கும் இத்துறையில் மறுபதிப்பு எத்தனை நூல்களுக்கு வருகிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த நூல் இன்றும் அந்தப் பிழையோடுதான் நூலகங்களில் இருக்கிறது. அந்த இடத்தை மேற்கோள் காட்டி, ஆசிரியர் தமக்குத் தாமே முரண்படுகிறார் என்று நிறுவும் கட்டுரை ஒன்றையும் அதன்பின் படித்தேன். பதிப்பாசிரியரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான வரிகளைக் கண்ணால் பார்த்துப் பெயர்த்தெழுதிய ஒருவர் ஒரு கோட்டைத் தவறவிடுவது இயல்பு. ஆனால் அவருடைய பெயர்த்தெழுத்துகள் திறந்திருந்தால், முதலாம் ஆண்டிலேயே யாராவது ஒருவர், ஒருவேளை ஒரு மாணவர், அதைக் கண்டு சொல்லியிருப்பார்.

இடைக்கால லத்தீனில் சுருக்கெழுத்து என்பது எங்கோ ஒன்றிரண்டு இடத்தில் வருவதன்று. அட்ரியானோ கப்பெல்லி 1899-இல் வெளியிட்ட சுருக்கக்குறி அகராதியைத்தான் நாம் இன்றும் மேசைமேல் வைத்திருக்கிறோம், அதில் ஏறத்தாழ 14,000 குறிகள் உள்ளன. தருக்க நூல்களை எழுதியவர்கள் மாணவர்களுக்காக வேகமாக எழுதினார்கள். தோல் விலை அதிகம், ஆகவே இடத்தைச் சிக்கனம் பிடித்தார்கள். 'ஜி' எழுத்தின் தலையில் சிறு 'ஓ' இருந்தால் 'எர்கோ', சிறு 'ஐ' இருந்தால் 'இகிதூர்'. இரண்டுக்கும் 'ஆகவே' என்றே பொருள் என்பதால் அங்கே தவறினால் குடி முழுகிவிடாது. எதிர்மறையில் தவறினால் ஒரு தத்துவமே தலைகீழாகிவிடும். ஒரு காவியத்தில் ஒரு சொல் மாறினால் அழகு குறையலாம். தருக்க நூலில் அதே அளவு மாற்றம் மெய்யைப் பொய்யாக்கிவிடுகிறது. ஆகவேதான் பிற துறைகளைவிட இத்துறையில் மூலச் சான்றைக் கண்ணால் பார்க்கும் தேவை கூடுதலாக இருக்கிறது என்கிறேன்.

நிறுத்தக்குறிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் நீண்டநாள் வருத்தம். அந்தக் காலத்து ஆசிரியர்கள் 'சுப்போசிசியோ' என்று அழைத்த கோட்பாட்டை நீங்கள் அறிவீர்கள், ஆயினும் இம்மடலைப் படிக்கக்கூடிய மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'மனிதன் ஓடுகிறான்' என்னும்போது 'மனிதன்' என்ற சொல் ஓடுகிற ஓர் ஆளுக்காக நிற்கிறது. 'மனிதன் ஓர் இனம்' என்னும்போது எந்த ஆளுக்காகவும் அது நிற்கவில்லை, ஏனெனில் எந்த ஆளும் இனம் ஆக மாட்டான். 'மனிதன் நான்கெழுத்துச் சொல்' என்னும்போது அச்சொல் தனக்காகவே நிற்கிறது. இன்று நாம் மூன்றாவது வாக்கியத்தில் மேற்கோள்குறி இட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். இடைக்காலக் கையெழுத்துப் படிகளில் மேற்கோள்குறி கிடையாது. ஒரு சொல்லைச் சொல்லாகவே சுட்ட வேண்டும் என்று மிகவும் தேவைப்பட்ட இடங்களில், பழைய பிரெஞ்சு மொழியின் சுட்டிடைச்சொல்லிலிருந்து வந்த 'லி' என்ற அசையைச் சிலர் முன்னால் சேர்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் அதுவும் இராது. சொல் எதற்காக நிற்கிறது என்பதை வாசகன் வாக்கியத்தின் பயனிலையிலிருந்து தானே உய்த்துணர வேண்டும். அந்தக் கோட்பாடு பிறந்ததற்கே அதுதான் ஒரு காரணம்.

இப்போது ஒரு பதிப்பாசிரியர் 'மனிதன் ஓர் இனம்' என்ற வாக்கியத்துக்கு வருகிறார். மேற்கோள்குறி இடுவதா, வேண்டாமா? ஸ்பெயினின் பீட்டரின் கருத்துப்படி அங்கே அச்சொல் தான் குறிக்கும் பொதுப்பொருளுக்காக நிற்கிறது. ஓக்காமோ, 1323-ஐ ஒட்டி எழுதிய தம் தருக்கப் பெருநூலில், அது மனத்தில் உள்ள கருத்துக்காக நிற்கிறது என்கிறார், அதுவும் குறிக்கும் தொழிலைச் செய்யாமல். மேற்கோள்குறி இட்டால் அது ஒலிச்சொல்லைப் பற்றிய பேச்சு என்று இன்றைய வாசகன் எடுத்துக்கொள்வான், இடாவிட்டால் உலகத்துப் பொருளைப் பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொள்வான். எப்படிச் செய்தாலும் பதிப்பாசிரியர் ஒரு தத்துவச் சண்டையில் பக்கம் சாய்ந்துவிடுகிறார். அவர் தவறு செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தக்குறியே இல்லாத பக்கத்தை இன்று யாரும் படிக்க மாட்டார்கள். ஆனால் அந்த இரண்டு சிறு குறிகள் கையெழுத்துப் படியில் இல்லை, அவை பதிப்பாசிரியரின் விளக்கம் என்பது வாசகனுக்குத் தெரிய வேண்டும். பல பதிப்புகளின் முன்னுரையில் இதற்குக் கிடைப்பது, நிறுத்தக்குறிகள் வாசிப்பு வசதிக்காகச் சேர்க்கப்பட்டன என்ற ஒற்றை வரிதான். பெயர்த்தெழுத்து திறந்திருந்தால், ஐயம் வரும் வாசகன் அங்கே போய், குறிகள் இல்லாத வாக்கியத்தைத் தானே படித்துக்கொள்வான்.

ஒரு நூலின் ஆசிரியர் யார் என்ற கேள்விக்கும் இதே பொருத்தம் உண்டு. 1915-இல் ஜெர்மன் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெகர், இடைக்காலத் தத்துவவாதி டன்ஸ் ஸ்கோட்டஸின் பொருண்மைக் கோட்பாட்டைப் பற்றித் தம் பல்கலைக்கழகத் தகுதி ஆய்வேட்டை எழுதினார். அதன் ஒரு பாதி, ஸ்கோட்டஸின் பெயரில் அச்சாகிவந்த ஓர் இலக்கணத் தத்துவ நூலை ஆதாரமாகக் கொண்டது. 1922-இல் மார்ட்டின் கிராப்மான் கையெழுத்துப் படிகளை ஆராய்ந்து, அந்நூலை எழுதியவர் எர்ஃபுர்ட்டின் தாமஸ் என்று காட்டினார். குறியியலின் முன்னோடிகளுள் ஒருவரான சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் அதே நூலை ஸ்கோட்டஸுடையது என்று நம்பிப் படித்தவர். தம் குறியியலின் ஒரு பிரிவுக்கு அந்நூலின் பெயரையே வைத்தவர். 1914-இல் அவர் காலமாகிவிட்டதால் உண்மை தெரியாமலே போய்விட்டார். பேரறிஞர் இருவர் பழைய அச்சுப் பதிப்பின் முகப்புத் தாளை நம்பினார்கள், அவ்வளவுதான் நடந்தது. விடை எர்ஃபுர்ட்டின் தாமஸ் பெயரைத் தாங்கிய படிகளிலேயே இருந்தது.

குறியியலின் வரலாறு என்று இன்று நாம் எழுதுவது, எது எப்போது அச்சேறியது என்பதை எந்த அளவுக்குச் சார்ந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர் ரோஜர் பேக்கன் தம் பெருநூலை 1267-ஐ ஒட்டிப் போப்பாண்டவர் நான்காம் கிளமெண்டுக்கு எழுதி அனுப்பினார். அதில் குறிகளைப் பற்றி விரிவான பகுதி ஒன்று இருந்தது. 1897 முதல் 1900 வரை மூன்று தொகுதிகளாக வந்த அதன் பதிப்பில் அந்தப் பகுதி இல்லை. பிரட்போர்க், நீல்சன், பின்போர்க் ஆகிய மூவர் அதைக் கண்டெடுத்து 1978-இல் ஓர் ஆய்விதழில் பதிப்பித்தார்கள். எழுதப்பட்டு எழுநூறு ஆண்டு கழித்து! அதற்கு முன்பு இடைக்காலக் குறிக்கோட்பாட்டைப் பற்றி எழுதிய எவரும் அக்காலத்தின் முதன்மையான ஆவணங்களுள் ஒன்றைப் பார்க்காமலே எழுதினார்கள். புலன்களுக்குத் தான் தரும் தோற்றத்துக்கு அப்பால் வேறொன்றை எண்ணத்தில் வரச்செய்வதே குறி என்று அகஸ்டின் வகுத்த இலக்கணத்தை, பேக்கன் எங்கே ஏற்கிறார், எங்கே விலகுகிறார் என்பது அந்தப் பகுதி இல்லாமல் எப்படித் தெரியும்? குறித்த பொருள் அழிந்துவிட்டால் பெயர் தன் குறிப்பாற்றலை இழக்கும், மீண்டும் அதைப் பயன்படுத்துகிறவன் தன்னை அறியாமலே புதிதாகப் பெயரிடுகிறான் என்ற பேக்கனின் துணிவான கருத்து எத்தனை விவாதங்களைக் கிளப்பியது என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவ ஆசிரியர் ஜான் புவான்சோவின் கதை வேறு மாதிரியானது. குறிகளைப் பற்றிய அவருடைய ஆய்வு 1632-இலேயே அச்சேறிவிட்டது. ஆனால் ஒரு பெரிய தருக்கப் பாடநூலுக்குள், அரிஸ்டாட்டிலின் நூலுக்கான உரைப்பகுதியில் அது புதைந்திருந்தது. ஜான் டீலி 1985-இல் அதைத் தனியே பிரித்து, லத்தீனையும் ஆங்கிலத்தையும் சேர்த்து ஒரு நூலாக வெளியிட்டபிறகுதான் குறியியலாளர்கள் அதை உட்கார்ந்து படித்தார்கள். அந்தப் பிரிப்பு சரியா, அந்தப் பகுதியைத் தனிநூலாகக் கொள்ள ஆசிரியருக்கு எண்ணம் இருந்ததா என்று கருத்து வேறுபாடுகள் எழலாம். எழட்டும். ஒரு பதிப்பு செய்கிற தெரிவு ஒரு துறையின் பார்வையையே மாற்றுகிறது என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன். அந்தத் தெரிவு எப்படிச் செய்யப்பட்டது என்பது வெளிப்படையாக இருந்தால்தான் அதைப் பற்றிப் பொறுப்போடு வாதிட முடியும்.

சான்றுகள் அழியக்கூடியவை என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தருக்க ஆசிரியர் அபெலார்டின் தருக்கப் பெருநூல் பாரிஸில் உள்ள ஒரே ஒரு கையெழுத்துப் படியில்தான் எஞ்சியிருக்கிறது, அதிலும் தொடக்கப் பகுதி இல்லை. சார்த்ர் நகரின் தியெரி, பன்னிரண்டாம் நூற்றாண்டில், அக்காலக் கல்வியின் ஏழு கலைகளுக்குமான மூலநூல்களைத் திரட்டி இரண்டு பெரும் தொகுதிகளாக்கினார். அரிஸ்டாட்டிலின் தருக்க நூல்கள் மேற்குலகில் மறுபடியும் படிக்கப்படத் தொடங்கிய காலத்துக்கு அது விலைமதிப்பற்ற சாட்சி. எண்ணூறு ஆண்டுகள் தாங்கிய அத்தொகுதிகள் 1944-இல் சார்த்ர் நகர நூலகம் குண்டுவீச்சில் தீப்பற்றியபோது கருகின. அதற்கு முன்பே எடுத்து வேறிடங்களில் வைத்திருந்த படங்கள் இருந்ததால்தான் இன்று அவற்றைப் பற்றிப் பேசவாவது முடிகிறது. யாரோ ஒருவர் படி எடுத்து, ஓரிடத்தில் மட்டும் வைக்காமல் பரப்பிவைத்தார். பெயர்த்தெழுத்துகளுக்கும் அதே பாதுகாப்பைக் கேட்கிறேன்.

உங்கள் தரப்பில் எழக்கூடிய தயக்கங்களை நான் எளிதாக ஒதுக்கவில்லை. செம்பதிப்பு என்பது ஆண்டுக்கணக்கில் விழுங்கும் வேலை. பதின்மூன்றாம் லியோ போப்பாண்டவர் தொடங்கிவைத்த தாமஸ் அக்வினாஸ் பதிப்பின் முதல் தொகுதி 1882-இல் வந்தது. அதில் இருந்தவை தருக்க உரைகள். அவசரத்தில் செய்யப்பட்டவை என்பதால் 1989-இல் அவற்றையே முழுமையாகப் புதிதாகப் பதிப்பிக்க வேண்டியதாயிற்று. அந்த வரிசை இன்னும் முடியவில்லை. புரிடானின் தருக்கத் தொகுப்பின் லத்தீன் செம்பதிப்பு தனித்தனி இயல்களாகப் பல கைகளில் வளர்ந்துகொண்டிருந்தபோதே, ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு 2001-இல் வந்துவிட்டது. மூலத்தைச் சரிபார்க்க விரும்பியவர் இல்லாத நூலைத் தேடி அலைய வேண்டியிருந்தது. இவ்வளவு மெதுவாக, இவ்வளவு செலவில் உருவாகும் ஒன்றுக்கு விலை வைக்காமல் எப்படி என்று நீங்கள் கேட்பது நியாயமே.

ஆனால் இன்றைய விலைமுறை யாருக்கும் உதவவில்லை. ஒரு தொகுதி நூறு யூரோவைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. தனிமனிதர் வாங்குவதில்லை, நூலகங்களும் வரிசைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகின்றன. வாங்குவோர் குறையக் குறைய விலை ஏறுகிறது, விலை ஏற ஏற வாங்குவோர் குறைகிறார்கள். இதற்கு மாற்று என்று பல பெரிய பதிப்பகங்கள் முன்வைப்பது, நூலாசிரியரே பல்லாயிரம் யூரோ கட்டிவிட்டால் நூலை இலவசமாகத் திறந்துவிடுகிறோம் என்பது. இந்த மாற்றை நான் ஏற்கவில்லை. நிரந்தர வேலை இல்லாத ஒரு பதிப்பாசிரியர், பத்தாண்டு உழைத்து முடித்தபின், தம் உழைப்பைப் பிறர் படிக்கத் தாமே பணம் கட்ட வேண்டும் என்பது அநீதி. நான் கேட்பது முழு நூலையும் அல்ல. முன்னுரை, விளக்கக் குறிப்புகள், மொழிபெயர்ப்பு, அட்டவணைகள் இவையெல்லாம் உங்கள் விற்பனைக்கு உரியவை, அவற்றை விற்றுக்கொள்ளுங்கள். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒருவர் எழுதிய லத்தீன் வாக்கியங்களும், அவை எந்தப் படியில் எப்படி இருக்கின்றன என்ற செய்தியும்தான் திறந்திருக்க வேண்டியவை.

சட்டமும் இந்த வேறுபாட்டை ஓரளவு உணர்ந்தே இருக்கிறது. ஜெர்மனியில் இத்தகைய ஆய்வுப் பதிப்புக்குப் பாதுகாப்பு 25 ஆண்டு மட்டுமே. ஐரோப்பிய ஒன்றிய விதியும் அதிகபட்சம் 30 ஆண்டு வரைதான் அனுமதிக்கிறது. 2014-இல் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று, இடைக்கால நூலின் பெயர்த்தெழுதிய பாடத்துக்கு, குறிப்புகளும் ஆய்வும் நீங்கலாக, பதிப்புரிமை இல்லை என்றே தீர்ப்பளித்தது. நான் வழக்காட வரவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தும்வரை காத்திராமல் நீங்களே முன்வந்து, நூல் வெளிவந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பாடத்தையும் சான்றுகளையும் திறப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். பதிப்பாசிரியர்கள் மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன், ஏனெனில் தங்கள் பாடம் படிக்கப்பட வேண்டும் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு ஆசை இருந்து நான் பார்த்ததில்லை.

முன்மாதிரி இல்லாமல் கேட்கவில்லை. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால கிரேக்க, லத்தீன் நிறுவனம் 1969 முதல் தன் ஆய்விதழில் சிறு சிறு தருக்க நூல்களையும், ஆசிரியர் பெயர் தெரியாத உரைகளையும், மாணவர்கள் தீர்க்கப் பழகிய புதிர்வாக்கியங்களையும் பதிப்பித்து வருகிறது, அதன் பக்கங்களை இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். பளபளக்கும் அட்டைக்கட்டு அதற்கு இல்லை. ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தருக்கத்தைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் ஒரு பெரும் பங்கு அந்த எளிய இதழ் வழியாகவே வந்தது. முப்பது பக்கமே உள்ள ஒரு சிறு நூலுக்குத் தனித் தொகுதி போட முடியாது என்று நீங்கள் திருப்பி அனுப்பும் பதிப்புகளுக்கு இத்தகைய இடம் உங்கள் ஒவ்வொரு தொடரிலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

தயக்கங்களுள் பேசப்படாத ஒன்று உண்டு. தம் பெயர்த்தெழுத்தில் பிழைகள் இருக்குமே, அதைப் பலர் முன்னால் வைப்பதா என்ற கூச்சம் பதிப்பாசிரியருக்கு. இது எனக்கு நன்றாகப் புரிகிறது, என் கோப்புகளைப் பிறருக்கு முதன்முறை அனுப்பியபோது எனக்கும் கை தயங்கியது. இதைப் போக்க உங்களால் முடியும். பெயர்த்தெழுத்துக் கோப்பையும் ஒரு வெளியீடாகவே நடத்துங்கள். அதற்கென ஓர் எண், ஒரு தேதி, செய்தவர் பெயர், திருத்தம் வந்தால் அடுத்த தேதி, திருத்தம் சொன்னவர் பெயர் என்று ஒழுங்காகப் பதிவு செய்யுங்கள். ஒரு படியின் நாற்பது தாள்களைப் பெயர்த்தெழுதிய முனைவர்பட்ட மாணவரின் பெயர் இன்று முன்னுரையின் நன்றியுரையில் ஒரு மூலையில் வருகிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் குழுக்கள் அதை எண்ணுவதே இல்லை. அவர் செய்ததை அவர் பெயரில் மேற்கோள் காட்ட முடியும் என்றால், அடுத்த பதிப்பாசிரியர் உருவாக அதுவே வழியாகும். கையெழுத்தைக் கணினியே படிக்கப் பழகிவரும் இந்நாளில், சரிபார்த்த பெயர்த்தெழுத்துகள் கிடைத்தால்தான் அக்கருவிகளும் தேறும். இல்லாவிட்டால் அவை 'நோன்' இருக்கும் இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒரே தயக்கமின்மையோடு விரித்தெழுதிக்கொண்டே போகும்.

மதுக்கடை வாசலில் தொங்கும் பீப்பாய் வளையம் உள்ளே மது இருப்பதைக் குறிக்கிறது என்பது ஓக்காம் காலத்து ஆசிரியர்கள் அடிக்கடி எடுத்தாண்ட எடுத்துக்காட்டு. கடையில் மது தீர்ந்துவிட்டால் அந்த வளையம் இன்னும் குறிதானா என்று பேக்கன் போன்றோர் மனம் வைத்து வாதிட்டார்கள். பாடபேதக் குறிப்பில் ஒரு படியின் அடையாள எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்வி நினைவுக்கு வருகிறது. அந்த எழுத்து ஒரு கையெழுத்துப் படியைச் சுட்டுகிறது. அப்படியைப் பார்க்க வழியில்லை என்றால் அந்த எழுத்தை நம்புவதைத் தவிர எனக்கு வேறு செய்ய ஒன்றுமில்லை.

நான் மேலே சொன்ன அந்த இயலின் மூன்று கையெழுத்துப் படிகளையும் கடந்த இரண்டு ஆண்டுகளில் முழுமையாகப் பெயர்த்தெழுதியிருக்கிறேன். சுருக்கக்குறிகளை விரித்த வடிவும் விரிக்காத வடிவும் தனித்தனியே உள்ளன. நிறுத்தக்குறி எதையும் நானாகச் சேர்க்கவில்லை. தாளின் விளிம்பு வெட்டுப்பட்டதால் படிக்க முடியாத ஐந்து இடங்களைக் கட்டமிட்டுக் காட்டியிருக்கிறேன். அந்த நூலை வெளியிட்ட பதிப்பகமோ, உங்களில் வேறு எவருமோ கேட்டால், எந்த நிபந்தனையும் இன்றி அனுப்பிவைக்கிறேன். அந்த ஐந்து இடங்களில் ஒன்றை உங்களில் யாராவது படித்துச் சொன்னால் மிகவும் மகிழ்வேன்.

மிக்க மரியாதையுடன்,
உங்கள் நூல்களின் வாசகன்